என்ஜின் சூடு காட்டும் சென்சார்: புதிது வாங்கும் முன் கம்பியைச் சோதியுங்கள்

காய்கறி, பூ, பால் போன்றவற்றை அன்றாடம் சந்தைக்குக் கொண்டு செல்லப் பழைய கார் அல்லது வேன் ஒன்றை வாங்கி வைத்திருக்கும் விவசாயிகள் இன்று பலர். இவ்வண்டிகளில் அடிக்கடி சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. காலையில் பல தடவை செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகும். கறும்புகை வரும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். சில வண்டிகளில் சாவியைத் திருப்பியதுமே, என்ஜின் ஆறியிருக்கும்போதே, ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கிவிடும். டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு அணையாது. ஒர்க்ஷாப்பில் கேட்டால், “தண்ணீர்ச் சூடு பார்க்கும் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்பார்கள். மாற்றிய பின்னும் குறை தீராமல் திரும்பி வருவோர் பலர். தக்காளி ஏற்றும் நண்பர் ஒருவர் ஒரே மாதத்தில் இரண்டு சென்சார்கள் வாங்கினார். கடைசியில் பார்த்தால், சென்சாருக்கு ஒரு சாண் தள்ளிக் கம்பியை எலி கடித்திருந்தது.

இந்தச் சென்சார் செய்யும் வேலை கடினமானதல்ல. பெட்ரோல் மண்ணெண்ணெய் பம்புசெட்டை ஓட்டியவர்களுக்குச் சோக்கு பற்றித் தெரியும். ஆறிய என்ஜினுக்குச் சோக்கு இழுக்க வேண்டும். சூடேறியதும் தள்ளிவிட வேண்டும். இன்றைய காரில் சோக்கு இழுக்க ஆள் இல்லை. கம்ப்யூட்டர் பெட்டியே எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. தண்ணீர் எவ்வளவு சூடு என்று அதற்குச் சொல்வதுதான் சென்சார். டீசல் வண்டியிலும் இதே கதைதான். அங்கே குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக்கை எவ்வளவு நேரம் சூடாக்குவது என்பதும் இதைப் பொறுத்தது.

பித்தளை மூக்கு ஒன்றினுள் இருக்கும் சிறு வில்லையே சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பெரும்பாலான கார்களில் 20 டிகிரி செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம்ஸ் வரை இருக்கும். 80 டிகிரியில் 300 ஓம்ஸ் அளவுக்கு இறங்கும். 100 டிகிரியில் 200-க்குள் வந்துவிடும். கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும் என்பதால் வண்டியின் ஒர்க்ஷாப் புத்தகத்தைப் பார்ப்பது நலம். கம்ப்யூட்டர் பெட்டி ஒரு கம்பி வழியாக 5 வோல்ட் அனுப்பும். மற்றொரு கம்பி எர்த்தாகத் திரும்பும். கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகிவிடும். என்ஜின் கொதித்துக் கொண்டிருந்தாலும், பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரிக் குளிர் என்று பெட்டி படித்துக்கொள்ளும். இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று உரசினால் நேர்மாறாக, 120 டிகிரிக்கு மேல் என்று படிக்கும்.

முழுதாக அறுந்த கம்பியைப் பெட்டியே கண்டுபிடித்து விளக்கை எரியவிடும்; பல வண்டிகளில் பாதுகாப்புக்காக ஃபேனையும் ஓடவிடும். அரைகுறையாகப் பழுதான இணைப்புதான் ஆபத்தானது. சாக்கெட்டின் முள்ளில் பச்சைக் களிம்பு ஏறி 200 ஓம்ஸ் தடை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறிய என்ஜினில் இரண்டாயிரத்தோடு இருநூறு சேர்ந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் இருக்கும்போது 200 என்பது 400 ஆகிவிடும். பெட்டி அதை ஏறக்குறைய 75 டிகிரி என்றே எடுத்துக்கொள்ளும். ஃபேன் சுற்ற வேண்டிய நேரத்தில் சுற்றாது. விளக்கும் எரியாது. ஹெட் கேஸ்கெட் போவது இப்படித்தான். சில சமயம் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும். அந்தச் செலவு ஒரு போகத்து லாபத்தை விழுங்கும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர் ஒழுகித் தீர்ந்துவிட்டால் சென்சாரின் மூக்கு வெறும் காற்றில் நிற்கும். என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கிக் காட்டக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் முள் திடீரென்று கீழே விழுந்தால், ‘சூடு தணிந்துவிட்டது’ என்று நிம்மதி அடையாமல், ஓரங்கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை தண்ணீரைப் பார்ப்பது. இரவு முழுவதும் ஆறிய என்ஜினில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். தோளில் துண்டு இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றும்போது ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம்.

தண்ணீர் சரியாக இருந்தால், சென்சாரிலிருந்து கம்பி போகும் வழி முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். எலிக்கடி, என்ஜின் சூட்டில் உருகிய தோல், இரும்பு விளிம்பில் உரசிய இடம், பழைய ரிப்பேரில் முறுக்கி டேப் சுற்றிய மூட்டு ஆகியவைதான் குறை இருக்கும் இடங்கள். நெல் மூட்டையும் தவிடும் இருக்கும் கொட்டகையிலேயே வண்டியையும் நிறுத்துகிறவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

அடுத்தது மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டரே போதுமானது. சாவியை அணைத்து, பூட்டை அழுத்திச் சாக்கெட்டைக் கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறகு சாவியை ஆன் செய்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாக்கெட்டின் இரு துளைகளுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 5 வோல்ட் அளவில் காட்டினால் இரண்டு கம்பிகளும் அறுபடவில்லை. குறை சென்சாரிலோ முள் பிடிப்பிலோ இருக்கிறது. காட்டாவிட்டால், மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ்வில் வைத்துச் சிவப்பு முனையால் ஒவ்வொரு துளையாகத் தொடுங்கள். ஒன்றில் மட்டும் 5 வோல்ட் வந்தால் மற்றதான எர்த் கம்பி அறுந்திருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் 5 வோல்ட் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது தோல் உரிந்து பாடியைத் தொட்டுக் கொண்டிருக்கலாம். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் பழி போடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது கெடுவது அபூர்வம். 12 வோல்ட் காட்டினால் வேறொரு கம்பி இதில் உரசுகிறது. எலெக்ட்ரீஷியனிடம் உடனே காட்டவும்.

ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போட்டால், பி 0118 என்பது பெரும்பாலும் கம்பி அறுந்ததையும், பி 0117 என்பது கம்பி ஷார்ட் ஆனதையும் குறிக்கும். ‘சென்சாரை மாற்று’ என்று எந்தக் குறியும் சொல்வதில்லை.

சென்சாரையே சோதிக்க, ஆறிய என்ஜினிலிருந்து அதைக் கழற்றி, உலோக மூக்கு மட்டும் மூழ்கும்படி பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, அடுப்பில் மெல்லச் சூடாக்குங்கள். ஓம்ஸ் அளவு ஒரே சீராக இறங்கிவர வேண்டும். நடுவில் துள்ளினாலோ அசையாமல் நின்றாலோ தாராளமாகப் புதிது வாங்கலாம். வெப்பமானி இல்லாதவர்கள் கொதிநீரை 100 டிகிரி என்று கொள்ளலாம். ஊட்டி போன்ற உயரமான ஊர்களில் மட்டும் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கழற்றும்போது வடியும் கூலண்டை வேறொரு பாத்திரத்தில் பிடியுங்கள். அது இனிப்பான விஷம். கன்றோ நாயோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. திரும்ப ஊற்றும்போது, உள்ளே காற்று தங்காமல் வெளியேற்றவும் வேண்டும்.

சென்சாரும் கம்பியும் சரியாக இருந்தும் முள் ஏறவே மறுத்தால், தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். நமது நாடு சூடான நாடு, இது எதற்கு என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் சில மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வால்வு இல்லாத என்ஜின் நல்ல சூட்டுக்கு வருவதில்லை. பெட்டியும் சோக்கு இழுத்ததுபோல் எரிபொருளை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

பழைய டிராக்டர்களில் முள்ளுக்கென்று ஒற்றைக் கம்பிச் சென்சார் இருக்கும். சாவி ஆனில் அந்தக் கம்பியைக் கழற்றினால் பெரும்பாலானவற்றில் முள் குளிர்ப் பக்கம் விழ வேண்டும். ஒரு நொடி என்ஜின் இரும்பில் தொட்டால் சூட்டுப் பக்கம் ஏற வேண்டும். அப்படி நடந்தால் முள்ளும் கம்பியும் நல்லவை. இந்த வகைச் சென்சாருக்கு அதன் மரையே எர்த் என்பதால், புதிதாக மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றக் கூடாது. மெல்லிய செப்புக்குழாய் நேரே மீட்டருக்குப் போகும் பழைய மாடல்களில் மின்சாரமே கிடையாது. குழாய் மடங்கினாலோ உடைந்தாலோ மீட்டரோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.