தரம் ஐந்துக்கு முந்தியே உதவி வேணும்



கல்முனைப் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு வாப்பா என்னிடம் வந்தார். "மகன் ரெண்டாம் தரம் சேர். சப்பாத்து பிஞ்சு போச்சு, ஸ்கூலுக்குப் போறானில்ல" என்றார். உம்மா வெளிநாட்டில். பிள்ளை உம்மும்மாவோடு.

சப்பாத்து வாங்கிக் கொடுத்தோம். பத்து நாள் போனான், பிறகு நின்றுவிட்டான். டீச்சரிடம் கேட்டேன். "எழுத்துக் கூட்ட வராது. வாசிக்கச் சொன்னால் அழுகிறான்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சப்பாத்து மட்டும் அவனுடைய குறை இல்லை.

நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி. 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடை வந்தன. 1998 முதல் கட்டாயக் கல்வி அமுலில் இருக்கிறது. இவை பிள்ளையைப் பாடசாலை வாசல்வரை கொண்டுவரும். தரம் 5 புலமைப்பரிசிலில் சித்தியடைந்த வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் உண்டு. ஆனால் இரண்டாம் தரத்திலேயே எழுத்தில் தடுக்கி விழுந்த பிள்ளை அந்தப் பணத்தை எட்டுவது எப்படி? உதவி முதல் மூன்று தரங்களில் வரவேணும்.

நீங்கள் செய்யக்கூடியவை:

1. மாதம் ஒரு தடவை வரவைக் கேளுங்கள். அடிக்கடி நிற்கும் பிள்ளைதான் பின்தங்கும்.

2. "என் பிள்ளைக்கு எது வரவில்லை?" என்று டீச்சரிடம் கேளுங்கள். 1999இல் நாடெங்கும் வந்த சீர்திருத்தத்தில் தரம் 1, 2 ஒரு முதன்மை நிலை. அதன் முடிவில் பிள்ளை அடைய வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகள் உண்டு. அதை வைத்து டீச்சர் சொல்லுவார்.

3. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். கற்பித்தல் பொருட்களுக்காகப் பாடசாலைக்குத் தர உள்ளீட்டு நிதி வருகிறது. சின்ன வகுப்புக்கு எழுத்து அட்டை, வாசிப்புப் புத்தகம் வாங்கும்படி அங்கே கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேணாம்.

4. சமுர்த்தி உதவிப்பணத்துக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும வந்தது. பதிவைப் பற்றிக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். 2025ஆம் ஆண்டுக்குக் கொப்பி, உபகரணம் வாங்க 6000 ரூபா கொடுக்க அரசு தீர்மானித்தபோது, அஸ்வெசும வீட்டுப் பிள்ளைகளுக்கே அது முதலில் சொல்லப்பட்டது. பதிவு இல்லாத வீட்டுக்கு இப்படியானவை தவறிப் போகும்.

5. பள்ளிவாசல் சகாத் குழுவிடம் போனால் "உதவி" என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன தேவை, எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? பாடசாலை விட்டபின் டீச்சர் அரை மணித்தியாலம் நான்கு பிள்ளைகளை இருத்திச் சொல்லிக் கொடுத்தார். எழுத்து அட்டைக்கும் பிள்ளைகளின் தேநீருக்கும் நம் நிதியிலிருந்து கொடுத்தோம். செலவு ஒரு சோடிச் சப்பாத்தின் விலையைவிடக் குறைவு. போன மாதம் அவன் கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தான். வாப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உங்கள் வீட்டிலும் முதல் மூன்று தரங்களில் ஒரு பிள்ளை இருந்தால், இந்தக் கிழமையே டீச்சரைப் போய்ப் பாருங்கள்.