ஒரே மலை, வேறு வேறு குழம்பு

கடல் நடுவே ஒரு தீவில் எரிமலை சீறினால் செய்திகளில் தவறாமல் இடம்பெறும் வாசகம் இது: "பூமிக்கு அடியில் கொதிக்கும் நெருப்புக் கடல் பொங்கி வெளியே வருகிறது." அப்படி ஒரு கடல் கிடையாது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் திடமான பாறை. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் திரவத்துக்குள் செல்லாதவை. கவசத்தை அவை தடையின்றிக் கடக்கின்றன. அந்தச் சூடான பாறை, திடமாகவே, மிக மெதுவாக மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது. அதனால் அதில் ஒரு சிறு பங்கு மட்டும் உருகுகிறது. உருகும் பங்கு மிகக் குறைவாக இருந்தால் சோடியமும் பொட்டாசியமும் செறிந்த பாறைக்குழம்பு கிடைக்கும். பங்கு கூடினால் அவற்றின் செறிவு குறையும். ஆக, பிறக்கும்போதே குழம்புகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

நம்பிக்கை: எல்லாத் தீவுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே சரக்கு.

பசிபிக்கில் குக் தீவுகளைச் சேர்ந்த மங்கையா என்றொரு சிறு தீவு இருக்கிறது. அதன் எரிமலைப் பாறையில் உள்ள ஒலிவின் என்ற பச்சைப் படிகங்களுக்குள் சிக்கியிருந்த கந்தகத்தை ஆராய்ந்து 2013இல் முடிவு வெளியிட்டார்கள். அந்தக் கந்தகத்தின் ஐசோடோப்பு விகிதம், காற்றில் ஆக்சிஜன் சேராத காலத்து வளிமண்டலத்தில் மட்டுமே உருவாகக்கூடியது. அதாவது குறைந்தது 245 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் மேற்பரப்பில் கிடந்த பொருள் கடல்தரையோடு சேர்ந்து உள்ளே இழுபட்டு, கவசத்தில் கிடந்து, மீண்டும் மேலே வந்திருக்கிறது. நிலவியலில் இதைவிட என்னை அசைத்த செய்தி வேறில்லை. ஹவாயில் அருகருகே நிற்கும் எரிமலைகளான கிலவேயாவும் மௌனா லோவாவும்கூட ஐசோடோப்புகளில் தனித்தனி முத்திரை கொண்டவை.

நம்பிக்கை: ஒரு மலையிலிருந்து ஒரே விதமான லாவாதான் வரும்.

இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாறைக்குழம்பு நிலத்தடியில் தேங்கி ஆறும்போது எல்லாம் ஒரே நேரத்தில் உறைவதில்லை. முதலில் அதே ஒலிவின் படிகம் பிரிகிறது. அது மக்னீசியத்தையும் கொஞ்சம் இரும்பையும் எடுத்துக்கொண்டு அடியில் படிகிறது. பாகிலிருந்து கற்கண்டு கட்டிய பிறகு மிஞ்சும் பாகு பழைய பாகாக இருக்காது அல்லவா? இங்கும் மிஞ்சும் குழம்பில் சிலிக்காவும் பொட்டாசியமும் கூடிக்கொண்டே போகின்றன. எடை கூடிய படிகங்கள் மூழ்குவதால்தான் ஒரே குழம்பிலிருந்து பல பாறைகள் பிறக்கின்றன என்று 1844இலேயே எழுதியவர் சார்லஸ் டார்வின். 1835இல் கலபகோஸ் தீவொன்றில் லாவா அடுக்கின் கீழ்ப்பகுதியில் படிகங்கள் மிகுந்திருந்ததை அவர் கவனித்திருந்தார். பரிணாமத்துக்காக மட்டும் அவரை நினைப்பது அவருக்குச் செய்யும் குறை. 1915இல் நார்மன் போவன் படிகங்கள் மூழ்குவதைச் சோதனைச்சாலை உலையிலேயே செய்து காட்டினார்.

2018 மே மாதம் கிலவேயாவின் கீழ்ச்சரிவில் லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்புக்குள் நிலம் அடுத்தடுத்துப் பிளந்தது; பிளவுகளுக்கு வரிசையாக எண் இட்டார்கள். முதலில் வந்த லாவா மந்தமாக, வெப்பம் குறைந்து, கெட்டியாக இருந்தது. 1955 வெடிப்பின்போது வெளியேறாமல் நிலத்தடியில் தங்கி, அறுபது ஆண்டுக்கு மேலாக ஆறிக் கிடந்த மிச்சத்தோடு அதன் வேதியியல் பொருந்தியது. 17ஆம் எண் பிளவிலோ சிலிக்கா மிகுந்த ஆண்டிசைட் லாவா வந்தது. கிலவேயாவில் அது அரிதிலும் அரிது. இதே சரிவில் 2005இல் புவிவெப்ப மின்சாரத்துக்காகத் துளையிட்டவர்கள் சுமார் 2.5 கிலோமீட்டர் ஆழத்தில் அதைவிடவும் சிலிக்கா மிகுந்த டேசைட் குழம்பை எதிர்பாராமல் தொட்டிருந்தார்கள். மே மாத இறுதிக்குள் மலையுச்சிப் பக்கமிருந்து புதுக் குழம்பு வந்து சேர்ந்தது. சூடான, நீர்த்த பசால்ட். ஒரே மலை, ஒரே வெடிப்பு, சில வார இடைவெளி.

நம்பிக்கை: சூடு கூடக்கூட வெடிப்பின் வேகமும் கூடும்.

பெரும்பாலும் நேர்மாறு. சிலிக்கா மிகுந்த, வெப்பம் குறைந்த குழம்பு பிசுபிசுப்பானது. அதில் சிக்கிய வாயு எளிதில் தப்ப முடியாமல் திமிறி வெடிக்கும். 17ஆம் எண் பிளவு லாவாத் துண்டுகளை உயரே வீசியெறிந்தது அதனால்தான். சூடான பசால்ட்டின் அபாயம் வேறு வகை: அது ஓடும். 8ஆம் எண் பிளவிலிருந்து புறப்பட்ட அத்தகைய லாவா ஆறாகப் பாய்ந்து ஜூன் தொடக்கத்தில் கபோஹோ விரிகுடாவையே நிரப்பியது. அந்த வெடிப்பில் அழிந்த 700க்கும் மேற்பட்ட கட்டடங்களில் பெரும்பகுதி அதன் வழியில் இருந்தவை. லாவா மாதிரிகளை ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஹிலோ வளாகத்தில் உடனுக்குடன் பகுத்தார்கள். அடுத்து வரப்போவது மந்தமான குழம்பா, ஓடும் குழம்பா என்பதை எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தினர் முன்கூட்டிக் கணிக்க உதவியவை அந்தச் சோதனை முடிவுகளே.