கோடையில் ஏரியின் கீழ்ப்பாதி

டல்லாஸ் நகரத்துக்கு வடக்கே குடியேறி, வாரத்தில் ஐந்து நாட்களைக் கணிப்பொறிக்குக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை ஒன்றையாவது தண்ணீரின்மேல் கழிக்கலாம் என்று ஆசைப்படுகிற நம்மவர்கள், பாஸ் மீன் பிடிப்பதைப் பற்றி என்னிடம் யோசனை கேட்க வரும்போது முதலாவதாகக் கேட்பது, எந்தத் தூண்டிற்கோலை வாங்கலாம், எந்த ரீல் நீடித்து உழைக்கும், எந்த நிறத்து ரப்பர் புழுவை மீன் விரும்பும் என்பதைத்தான். அந்தக் கேள்விகளுக்கு உடனே விடை சொல்வதில்லை என்று நான் வைத்துக்கொண்டு வெகு காலமாகிறது. ஏனென்றால், அதே கேள்விகளை ஒரு பெரிய மீன்பிடிச் சாமான் கடையில், சட்டையில் பெயர்ச்சீட்டைக் குத்திக்கொண்டு நின்ற விற்பனையாளர் ஒருவரிடம் மிக்க மரியாதையோடு கேட்டு, அவர் வாக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஒரு கோடைகாலம் முழுவதும் ஜீவனற்ற தண்ணீரில் நரம்பை இறக்கிக்கொண்டிருந்தவன் நான்.

நான் போவது லேக் ஃபோர்க் ஏரிக்கு. நீங்களும் அங்கேதான் போவீர்கள். டல்லாஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பிரயாணம். சபீன் ஆற்றின் உபநதியான ஓர் ஓடையை மறித்து 1980இல் உண்டாக்கிய நீர்த்தேக்கம். பரப்பு 27,000 ஏக்கருக்கு மேல். தண்ணீர் ஏறுவதற்கு முன்னே அங்கே மேய்ச்சல் நிலங்களும், பண்ணைக் குட்டைகளும், சாலைகளும், அடர்ந்த மரங்களும் இருந்தன. மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமலே விட்டுவிட்டபடியால் அவை பட்டுப்போய், பாதி உடல் வெளியேயும் பாதி உடல் உள்ளேயுமாக இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன. அதில் விட்டு வளர்த்த ஃப்ளாரிடா வம்சத்து லார்ஜ்மவுத் பாஸ் மற்ற வம்சத்தைக் காட்டிலும் பருத்து வளரும் ஜாதி. டெக்ஸாஸ் மாநிலத்தின் சாதனை மீனும் 1992 ஜனவரியில் இங்கேதான் பிடிபட்டது. பாரி செயின்ட் கிளேர் என்பவர் பிடித்த அதன் எடை 18.18 பவுண்டு, அதாவது சுமார் எட்டேகால் கிலோ.

இத்தனை பிரசித்தி பெற்ற ஏரியில் வெறுங்கையோடு திரும்புவதற்கு ஒருவனுக்கு விசேஷமான போதனை வேண்டும். அந்தப் போதனையை அந்த விற்பனையாளர் எனக்குக் குறைவில்லாமல் அளித்தார். ஜூலை பிறந்துவிட்டால் கரையோரத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும் என்றும், பெரிய மீன்களெல்லாம் குளிர்ச்சியைத் தேடி அடியாழத்துக்குப் போய்விடும் என்றும், முப்பத்தைந்தடிக்குக் குறைந்த இடத்தில் தூண்டில் போடுவது வீண்வேலை என்றும் சொல்லி, அந்த ஆழத்துக்கு இறங்குவதற்கென்று கனமான ஈயக்குண்டுகளையும், அவற்றைத் தாங்கும் கோலையும், படகில் பொருத்தும் சோனார்க் கருவியையும் என் தலையில் கட்டினார். வெயிலில் வாடும் பிராணி குளிர்ச்சியை நாடும் என்பதில் யார்தான் குற்றம் காண முடியும்? நானும் அதை நம்பி, விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, வெயில் உச்சிக்கு ஏறும்வரை ஆழமான மடுக்களிலே புழுவை இழுத்துக்கொண்டிருந்துவிட்டு, முகம் கறுத்துத் திரும்பி வருவதையே வழக்கமாகக் கொண்டேன். என் மைத்துனர் ஒருவர் வாசலிலேயே நின்று, மீன் வேண்டுமானால் கடையிலே கிடைக்கிறதே என்பார். அந்த ஹாஸ்யத்தை ஒரு கோடை முழுவதும் கேட்டவன் இதைக் கொஞ்சம் காரமாக எழுதினால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். தண்ணீர் நான்கு டிகிரி சென்டிகிரேடில் மிகவும் கனமாக இருக்கிறது. அதற்கு மேலே உஷ்ணம் ஏற ஏற லேசாகிக்கொண்டே போகிறது. வசந்தத்தின் ஆரம்பத்தில் ஏரி முழுவதும் ஏறக்குறைய ஒரே உஷ்ணத்தில் இருப்பதனால் காற்று வீசும்போது மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் தடையின்றிக் கலந்துகொள்ளும். ஆனால் வெயில் முற்றிய பிறகு மேல்தண்ணீர் சூடேறி லேசாகி, கண்ணாடி விளக்கில் தண்ணீரின்மேல் எண்ணெய் நிற்பதுபோலத் தனித்து நின்றுவிடுகிறது. எவ்வளவு காற்று அடித்தாலும் கீழே உள்ள கனத்த தண்ணீரை அதனால் அசைக்க முடிவதில்லை. இரண்டுக்கும் இடையே, சில அடிகளுக்குள் உஷ்ணம் சரசரவென்று இறங்குகிற ஒரு மெல்லிய அடுக்கு உண்டு; அதைத்தான் தெர்மோக்ளைன் என்று சொல்லுகிறார்கள். காற்றிலுள்ள பிராணவாயு தண்ணீரில் கரைவதும், பாசியும் நீர்ச்செடியும் வெளிச்சத்தின் துணையால் பிராணவாயுவை உண்டாக்குவதும் அந்த அடுக்குக்கு மேலேதான் நடைபெறுகின்றன. அதற்குக் கீழே வெளிச்சம் போவதில்லை, காற்றும் கலப்பதில்லை. போதாக்குறைக்கு, மேலிருந்து விழுந்து மட்குகிற இலைகளும் செத்த பாசியும் அங்கே எஞ்சியிருந்த கொஞ்சப் பிராணவாயுவையும் தீர்த்துவிடுகின்றன. ஆகவே, ஆகஸ்டு மாதத்து ஏரியின் கீழ்ப்பாதி அந்த விற்பனையாளர் சொன்னபடி குளிர்ச்சியாக இருப்பது வாஸ்தவம்தான்; மீன் மூச்சுவிட முடியாது என்கிற ஒரு சிறு விவரத்தைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இதிலே எனக்கு இன்றளவும் ஆறாத ஒரு சங்கதி உண்டு. நான் வாங்கிய கருவி அந்த அடுக்கை முதல் நாளே எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. திரையில் இருபதடியை ஒட்டி, படகு போகுமிடமெல்லாம் கூடவே வருகிற மங்கலான ஒரு பட்டை தெரிந்தது. அடர்த்தி மாறுகிற அந்த எல்லையிலிருந்தும், அங்கே தங்குகிற நுண்ணுயிர்களிலிருந்தும் ஒலி திரும்பி வருவதனால் அப்படித் தோன்றும். கருவியில் ஏதோ கோளாறு என்று எண்ணிக் கடைக்குப் போய்க் கேட்டபோது, அதே மனிதர், அது வெறும் இரைச்சல் என்று தீர்ப்புச் சொல்லி, உணர்திறனைக் குறைத்து, வடிகட்டியைக் கூட்டித் திரையைத் துடைத்துவைத்ததுபோல் ஆக்கிக் கொடுத்தார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பிற்பாடு ஒரு நாள், படகுத்துறையில் கிராப்பி மீன்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அவ்வூர்க் கிழவர் ஒருவர் என் கருவியை எட்டிப்பார்த்து, வடிகட்டியைப் பழைய நிலைக்குத் திருப்பி, அந்தப் பட்டை மறுபடி தோன்றியதும் அதன்மேல் விரலை வைத்து, கோடையில் ஏரியின் தரை இதுதான், இதற்குக் கீழே புழுவை அனுப்பாதே என்றார். காசு வாங்கிக்கொண்டவர் சொல்லாததை, பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் கைக்கொண்ட முறையை நீங்களும் அப்படியே கைக்கொள்ளலாம். கோடையில் படகை இறக்கியதும் முதலில் ஆழமான இடத்துக்குப் போய் அந்தப் பட்டை எத்தனை அடியில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கருவி இல்லாதவர்கள் ஒரு தெர்மாமீட்டரை அடி குறித்த கயிற்றில் கட்டி இறக்கி, உஷ்ணம் எங்கே திடீரென்று விழுகிறது என்று பார்த்தாலும் போதும். பிறகு ஏரியின் அடித்தரை அந்த ஆழத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கிற இடங்களைத் தேட வேண்டும்: தண்ணீருக்குள் நீண்டு போகிற நிலமுனைகள், மூழ்கிப்போன பண்ணைக் குட்டைகளின் கரைகள், பழைய சாலைகளின் மேடுகள், ஓடை வளைந்து கரையை ஒட்டி வருகிற திருப்பங்கள். மீனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு மரமும், தப்பிப் போக ஆழமும், மூச்சுவிடப் பிராணவாயுவும் மூன்றுமே கிடைக்கிற ஸ்தலம் ஏரியில் மிகக் கொஞ்சம்; அந்தக் கொஞ்சத்தில்தான் கூட்டம் இருக்கும். விடியற்காலையில் மட்டும் அவை இரையைத் துரத்திக்கொண்டு கரையோரத்துக்கு வரும். குளிர்காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து அடுக்கு கலைந்துவிடுகிறபடியால், அப்போது ஆழத்தில் தேடுகிறவனை நான் பரிகசிக்க மாட்டேன்.

தண்ணீரைப் பற்றிய மற்ற லட்சணங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். காற்று ஒரே திக்கிலிருந்து சில மணி நேரம் அடித்தால் நுண்ணுயிர்கள் எதிர்க்கரையில் ஒதுங்கும். அவற்றைத் தின்ன ஷாட் என்கிற சிறுமீன்கள் வரும். அவற்றைத் தின்னப் பாஸ் வரும். ஆகையால் படகு ஆடுகிறதே என்று காற்று மறைவான கரைக்குப் போகிறவர்கள் சுகமாக உட்கார்ந்துவிட்டு வரலாம். கலங்கிய தண்ணீரில் மீன் கண்ணைவிட, அதிர்வை அறியும் தன் பக்கவாட்டுக் கோட்டையே அதிகம் நம்புவதனால், அங்கே கருநிறமும் அதிர்வும் உள்ள செயற்கை இரை வேண்டும். தெளிந்த தண்ணீரில் சாதுவான நிறமும் நிதானமான இழுப்பும் வேண்டும். வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து வானம் பளிச்சென்று நீலமாகிவிட்ட மறுநாள் மீன்கள் மரத்தோடு ஒட்டிக்கொண்டு வாய் திறக்க மறுக்கும். வசந்தத்தில் தண்ணீர் அறுபது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது அவை கரையோரத்தில் கூடு தோண்டி முட்டையிடும். முட்டையையும் குஞ்சையும் ஆண்மீன் காவல் காக்கும். கூட்டின்மேல் நிற்கிற மீனைச் சீண்டிப் பிடிப்பதைச் சட்டம் தடுப்பதில்லையென்றாலும் நான் செய்வதில்லை. செய்கிறவர்களோடு படகில் ஏறுவதுமில்லை.

சாமான்கள் விஷயத்தில் என் அபிப்பிராயம் சுருக்கமானது. ஏழடிக் கோல் ஒன்று, அதற்குத் தகுந்த ரீல் ஒன்று, பதினேழு அல்லது இருபது பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பு, தோட்டா வடிவ ஈயக்குண்டுகள், முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கோக்கிற டெக்ஸாஸ் ரிக் முறை. ஃபோர்க் ஏரியின் மரக்கிளைகளுக்குள் சிக்காமல் போய்வர இதற்கு மேல் ஒன்றும் அவசியமில்லை. எட்டுப் பவுண்டு நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதே வீரம் என்று என் அலுவலகத்து நண்பர் ஒருவர் பிரசங்கம் செய்வதுண்டு. மரமில்லாத ஏரியில் அது வீரமாக இருக்கலாம், இங்கே அதன் பலன் வாயில் முள்ளோடு ஓடிப்போகிற மீன்தான். ரப்பர் புழுவை 1949இல் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரனில் தம் வீட்டில் உருக்கி வார்த்த நிக் கிரீம் பின்னாளில் தம் தொழிலை இந்த ஏரிக்கு அருகிலுள்ள டைலர் நகரத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அன்றைக்கு அவர் செய்த புழுவுக்கும் இன்றைக்கு நூறு நிறங்களில் தொங்குகிற புழுக்களுக்கும் மீனைப் பொறுத்தவரையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உலக சாதனையான 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனை 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியாவில் பிடித்த ஜார்ஜ் பெர்ரி ஓர் ஏழைக் குடியானவர்; எடையைப் பதிவு செய்துவிட்டு மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துக் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டார். 2009இல் ஜப்பானில் பீவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் அந்தச் சாதனையைச் சமன் செய்யும்வரை எழுபத்தேழு ஆண்டுகள் அதை யாரும் எட்டவில்லை.

என் மைத்துனருக்கும் இந்த இடத்தில் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விடுவது என் பைத்தியக்காரத்தனம் அல்ல. ஃபோர்க் ஏரியின் விதிப்படி 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளதில் நாளொன்றுக்கு ஒன்றே ஒன்று. நடுத்தர மீன்களெல்லாம் பிழைத்து வளர்வதனால்தான் அங்கே பெரிய மீன்கள் இருக்கின்றன. குழம்புக்கு மீன் வேண்டுகிறவர்கள் 16 அங்குலத்துக்குட்பட்டதை வைத்துக்கொள்ளட்டும், அல்லது கிராப்பி பிடிக்கட்டும். விடுகிற மீனை நனைந்த கையால் தொடுங்கள்; கனத்த மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்கு மறு கையைக் கொடுங்கள்; கோடையில் படம் எடுப்பதற்கென்று அதை நிமிஷக்கணக்கில் வெயிலில் வைத்திருக்காதீர்கள்.

படகு வாங்குவதற்கு முன்னால் உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். வீட்டு வாசலில் படகை நிறுத்த அநேகமாக அனுமதிக்க மாட்டார்கள், வாடகைக்கு இடம் பார்க்க வேண்டியிருக்கும். டெக்ஸாஸில் வழக்கமான மீன்பிடி உரிமம், நீங்கள் எந்த மாதத்தில் வாங்கியிருந்தாலும், ஆகஸ்டு 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிடுகிறது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஏரிக்குக் கிளம்புகிறவர்கள் புதிய உரிமத்தை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.