பாட்டி ஊருக்குப் போகிறீர்களா? குலதெய்வத்தைக் கேட்டு வாருங்கள்!

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கணவரின் சொந்த ஊருக்குப் புறப்படுவீர்கள். தாத்தாவோடு வயல்வெளி, பாட்டி கையால் பணியாரம், கிணற்றுக் குளியல் என்று பத்து நாட்கள் பறந்துவிடும். அந்தப் பத்தில் ஒரு நாளைக் குலதெய்வத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள், சகோதரிகளே!

'எங்கள் குலதெய்வம் எதுவென்றே தெரியவில்லை' என்று ஜோதிடரிடம் போய் நிற்கும் குடும்பங்கள் உண்டு. காரணம் என்ன? சொல்லத் தெரிந்தவர்கள் இருந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை!

இஷ்ட தெய்வத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம். குலதெய்வம் அப்படியல்ல. அது தந்தை வழியில் வருவது. திருமணமான பெண்ணுக்குக் கணவர் வீட்டுக் குலதெய்வமே குலதெய்வம் என்பது நம் வழக்கம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வழி ஆண் வழிதான். ஆனால் என்ன படைப்பது, எப்படிப் படைப்பது என்பதை நினைவில் வைத்துக் காப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. உங்கள் மாமியாரும் மருமகளாக வந்து, தன் மாமியாரிடம் கேட்டு அறிந்தவர்தான். அந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி நீங்கள்!

என்னென்ன கேட்க வேண்டும்?

ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அத்தையின் அருகில் உட்காருங்கள்.

* சாமியின் பெயர் என்ன? ஆதிக் கோயில் எங்கே? ஊர் மாறி வந்தவர்கள் பிடிமண் எடுத்து வந்து புதிய இடத்தில் கோயில் எழுப்பியிருப்பார்கள். எங்கிருந்து எடுத்த மண் என்று கேளுங்கள்.

* எந்த நாள் விசேஷம்? நெல்லை, தூத்துக்குடி பக்கம் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள். மதுரை, தேனி, விருதுநகர் பக்கம் மாசி மாத மகா சிவராத்திரி. காரையாறு சொரிமுத்து அய்யனாருக்கு ஆடி அமாவாசை.

* எந்தச் சாமிக்கு என்ன படையல்? ஒரே கோயிலில் அய்யனாருக்குச் சைவப் படையலும், காவல் தெய்வமான கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் இருக்கலாம். அப்போது அய்யனார் சந்நிதியில் திரை போடுவது பல ஊர்களில் வழக்கம்.

* பங்காளிகள் யார், யார்? ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் அவர்களின் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* பாக்கி நேர்த்திக்கடன் உண்டா? இதுதான் மிக முக்கியம்! வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாதபோது, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தின் முன் வைத்திருப்பார் பாட்டி. யாருக்காக முடிந்தது, என்ன வேண்டுதல் என்பது அவர் ஒருவருக்கே தெரிந்திருக்கும். அவர் காலத்துக்குப் பின் அந்த முடிச்சைப் பார்ப்பவர்களுக்கு, அது வெறும் காசு!

கோயிலுக்குப் போகும் நாளில்...

கிராமத்துக் குலதெய்வக் கோயில்கள் பலவற்றில் தினசரி பூஜை இருக்காது. பூசாரிக்கு முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். எண்ணெய், திரி, கற்பூரம், குடிநீர் எல்லாம் கையோடு இருக்கட்டும். வெயில் ஏறுமுன் கிளம்பினால் பெரியவர்களுக்குச் சிரமமில்லை.

பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள். ஒருவர் கோயில் முற்றத்தைப் பெருக்கட்டும், ஒருவர் கோலம் போடட்டும், ஒருவர் மணி அடிக்கட்டும். தன் கையால் செய்ததைக் குழந்தை மறக்காது.

மாவிளக்கு போடும் வழக்கம் உங்கள் குடும்பத்தில் உண்டென்றால், பாட்டியையே செய்யச் சொல்லி அருகிலிருந்து பாருங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்த மாவில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி செய்து, நெய் விட்டுத் திரி ஏற்றுவது பொதுவான முறை. விளக்கு மலையேறியதும் அந்த மாவையே பிரசாதமாகப் பகிர்ந்துகொள்வார்கள். எத்தனை விளக்கு, எந்தச் சந்நிதியில் என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதை எந்தப் புத்தகமும் சொல்லாது. பாட்டிதான் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பியதும் அந்த நோட்டைப் பூஜை அறையில் வையுங்கள். நாளை உங்கள் வீட்டுக்கு ஒரு மருமகள் வருவாள். அவள் கேட்கும்போது சொல்ல உங்களிடம் விஷயம் இருக்க வேண்டும் அல்லவா? குலதெய்வத்தின் அருளால் உங்கள் குலம் ஆல்போல் தழைக்கட்டும்!