பாடநூலுக்குச் செல் வரையும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பதினோராம் வகுப்பு உயிரியல் நூலுக்குச் செல் படங்கள் வரையும் வேலை உனக்கு வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பழைய படங்களையே வண்ணம் மாற்றித் தந்தால் போதும் என்று சொன்னார்களாமே, அதற்கு மட்டும் சம்மதிக்காதே. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் செல்லின் உள்பக்கத்தை உன் படத்தில் மட்டுமே பார்க்கப்போகிறார்கள்.

முதலில் அளவைப் பிடி. எ.கோலை பாக்டீரியம் சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். நம் உடலின் செல்கள் பலவும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இரண்டையும் ஒரே அகலத்தில் பக்கம் பக்கமாக அச்சிடுவது நெடுநாள் வழக்கம். ஒரே அளவுகோலில் வரைந்து பார், பாக்டீரியம் ஏறக்குறைய ஒரு மைட்டோகாண்ட்ரியன் அளவுக்குச் சுருங்கிவிடும். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு, தனி ரைபோசோம் உண்டு, இரட்டைச் சவ்வும் உண்டு. ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியம் இன்னொரு செல்லுக்குள் குடியேறி நிலைத்துப்போனதன் வழித்தோன்றல் அது. 1967இல் உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதை விரிவாக எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. உன் படத்தில் அளவு சரியாக இருந்தால், கேட்கவேண்டிய கேள்வி பிள்ளைகளுக்குத் தானாகவே தோன்றும்.

அடுத்தது கசையிழை. இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பாக்டீரியாவுக்கும் விந்தணுவுக்கும் ஒரே மாதிரி வாலை வரைந்துவிடுகிறார்கள். பாக்டீரியாவின் கசையிழை சுமார் 20 நானோமீட்டர் தடிமனுள்ள, திருகுபோல் சுருண்ட புரத இழை. அது தானாக வளைந்து அசைவதில்லை. அடியில் சவ்வில் பதிந்திருக்கும் மோட்டார் அதைச் சுழற்றுகிறது. அந்த மோட்டாரை ஓட்டுவது சவ்வின் வழியே உள்ளே பாயும் புரோட்டான்கள். விந்தணுவின் வாலோ அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். செல் சவ்வு அதைப் போர்த்தியிருக்கும். உள்ளே ஒன்பது இணை நுண்குழல்களும் நடுவில் இரண்டும் ஓடும். ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து வளைந்து வளைந்து அடிக்கும். எனவே இரண்டின் குறுக்குவெட்டையும் ஓரத்தில் கட்டாயம் வரை. எ.கோலைக்குப் பின்னால் ஒற்றை வால் ஒட்டாதே, அதன் உடலைச் சுற்றிப் பல இடங்களிலிருந்து கசையிழைகள் கிளம்புகின்றன.

பாக்டீரியா படத்திலிருந்து மீசோசோமை எடுத்துவிடு. செல் சவ்வு உள்ளே மடிந்து சுருண்டிருப்பதாகக் காட்டி, சுவாசம் அங்கே நடப்பதாகப் பல நூல்களில் இன்னும் எழுதுகிறார்கள். மின்னணு நுண்ணோக்கிக்காகச் செல்லை வேதிப்பொருளில் பதப்படுத்தியபோது உண்டான சிதைவு அது. நொடியில் உறையவைத்துப் பார்த்த செல்களில் அப்படி ஒன்று தென்படவில்லை. சுவாச நொதிகள் செல் சவ்விலேயே பதிந்திருக்கின்றன. பாடத்தில் அந்தப் பெயர் இருக்கிறதே என்று ஆசிரியர் குழு தயங்கினால், பாடத்தையும் திருத்தும்படி பணிவாகவும் உறுதியாகவும் கேள். வரைபவருக்கு அந்த உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, காலியிடம். நம் படங்களில் உள்ளுறுப்புகள் நீர்த்த சாம்பாரில் காய்த்துண்டுகள் மிதப்பதுபோல் மிதக்கின்றன. உண்மையில் எ.கோலையின் சைட்டோபிளாசத்தில் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் புரதமும் ஆர்என்ஏவும் அடைந்து கிடக்கின்றன. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் குட்செல் நீர்வண்ணத்தில் தீட்டிய எ.கோலை படங்களைத் தேடிப் பார். விரித்தால் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும் டிஎன்ஏ, அந்த நெரிசலுக்குள்தான் மடிந்து கிடக்கிறது. அதைச் சுற்றி உட்கரு உறை கிடையாது. அதனால் டிஎன்ஏவிலிருந்து தூது ஆர்என்ஏ உருவாகிக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம்கள் அதன்மேல் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடுகின்றன. உட்கரு உள்ள யூகேரியோட்டிக் செல்லில் தூது ஆர்என்ஏ உட்கருவுக்குள் செம்மையாகி, உறைத் துளை வழியே வெளியே வந்த பிறகுதான் ரைபோசோமைச் சந்திக்கிறது. இந்த வேறுபாட்டை இரண்டு சிறு படங்களில் நீ காட்டிவிட்டால், 'உட்கரு உறை இல்லை' என்று அட்டவணையில் மனப்பாடம் செய்வதற்கு ஓர் அர்த்தம் கிடைக்கும்.

உட்கருவின் வெளிச்சவ்வு எண்டோபிளாச வலையோடு தொடர்ந்து ஓடுகிறது. அந்த இடத்தில் கோட்டை வெட்டிவிடாதே.

வண்ணம் இடுவதற்கு முன் பென்சில் வரைவை அனுப்பு. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் அளவுகோல் போட்டிருந்தால் சரிபார்க்க எனக்கு எளிது.

அன்புடன்,
அக்கா