அரசாங்கக் கொள்வனவும் அதன் வகைகளும்

பயிரை விளைவிப்பது ஒரு வேலை. விளைந்ததைத் தக்க விலைக்கு விற்பது மற்றொரு வேலை. இரண்டாவதிற் பிழை நேரின் முதலாவதன் பயனும் குன்றும். ஆகவே, அரசாங்கம் எப்பொருளை எம்முறையிற் கொள்வனவு செய்கின்றது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

உத்தரவாத விலைக் கொள்வனவு

கொத்மலை, வலப்பனைப் பகுதிகளின் பள்ளத்தாக்கு வயல்களில் விளையும் நெல் இவ்வகையைச் சேர்ந்தது. 1948 ஆம் ஆண்டில் நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் ஏற்பட்டது. 1952 இல் அவ்விலை புசலுக்கு 12 ரூபாவாக இருந்தது. 1971 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது.

சபை நெல்லை மூன்றாக வகுக்கின்றது. 2025 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விலைகள், கிலோவுக்கு நாடு 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச்சம்பா 132 ரூபா என்பனவாம். இவ்விலை 14 சதவீத ஈரப்பதனுக்கு மேற்படாத நெல்லுக்கே உரியது. ஈர நெல் களஞ்சியத்திற் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதே காரணம்.

ஒரு கணக்கு

18 சதவீத ஈரமுள்ள நாடு நெல் 100 கிலோவை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஏறக்குறைய 95 கிலோ மிஞ்சும். 120 ரூபா வீதம் அதன் பெறுமதி 11,400 ரூபா. எனவே, ஈர நெல்லுக்கு வியாபாரி கிலோவுக்கு 114 ரூபாவிலும் குறைவாகத் தருவாராயின், அக்குறைவு முழுவதும் கமக்காரருக்கு நட்டமே. உலர்த்துங் கூலியையும் ஏற்றுக் கூலியையும் இதிற் கழித்துப் பார்த்தல் வேண்டும்.

சந்தை வசதி

தோட்ட லயங்களை அடுத்த துண்டு நிலங்களில் விளையும் கரட், லீக்ஸ், கோவா என்பன நெல்லைப்போல் மாதக்கணக்கில் இருப்பு வைக்கத் தக்கவை அல்ல. 1999 இல் தம்புள்ளையில் திறக்கப்பட்டது போன்ற பொருளாதார மத்திய நிலையங்களில் அரசாங்கம் இடத்தையே அளிக்கின்றது, வாங்குபவர் வியாபாரியே. விலை அன்றைய வரவைப் பொறுத்தது. நுவரெலியாவிலும் கெப்பெட்டிபொலவிலும் இத்தகைய நிலையங்கள் உண்டு.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. நெல்லினங்களைக் கலவாது தனித்தனியே மூட்டை கட்டுக.
2. நன்கு உலர்த்தித் தூற்றிப் பதர் நீக்குக.
3. மரக்கறியை அறுக்குமுன் அன்றைய விலையை விசாரித்தறிக. அயலவருடன் சேர்ந்து லொறி அமர்த்துக.

வகையறிந்து கொண்டுசெல்லும் மூட்டை வாயிலிலிருந்து திரும்பி வராது.