இன்சூரன்ஸ் தொகை மறுக்கப்பட்டால்...

சரக்குக்கும் பாக்கிக்கும் நாம் நாள் தவறாமல் கணக்கு எழுதுகிறோம். ஆனால் பீரோவில் இருக்கும் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. குடும்பத் தலைவர் மறைந்தபின், "நோயை மறைத்துப் பாலிசி எடுத்துள்ளார், தொகை தர இயலாது" என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால், வீட்டார் அதுவே முடிவு என்று நினைத்து விடுகிறார்கள். அது முடிவல்ல.

முதலில் தேதியைப் பாருங்கள். இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 45 (2015-இல் திருத்தப்பட்டது) சொல்வது இதுதான்: பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால், எந்தக் காரணம் காட்டியும் கம்பெனி அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் பிரீமியம் கட்டாமல் காலாவதியாகிப் பின்பு புதுப்பித்த பாலிசிக்கு, புதுப்பித்த நாளிலிருந்தே மூன்று ஆண்டுகள் கணக்காகும். சீசனில் பணம் முடங்கித் தவணை தவறும் நம்மவர்கள் இதை மறக்கக் கூடாது.

மூன்று ஆண்டுக்குள் மறுத்தால் என்ன செய்வது?

1. காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். தருவது கம்பெனியின் கடமை. மோசடி அல்லாத தவறான தகவல் என்று மறுத்தால், கட்டிய பிரீமியத்தை 90 நாளில் திருப்பித் தர வேண்டும்.

2. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒப்புகை பெறுங்கள்.

3. ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

4. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்குக் கெடு இரண்டு ஆண்டு. அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் மனுவை ஏற்கமாட்டார். எனவே எங்கே முதலில் போவது என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

வருமுன் காப்பதே நல்லது. ஏஜென்ட் நிரப்பிய படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆபரேஷன் எதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் பிரீமியம் கூடினாலும், பின்னால் குடும்பம் அலைய வேண்டியிராது.

இன்றிரவு கடை அடைத்தபின் பாலிசியை எடுத்து, தொடங்கிய தேதி, தவணைத் தேதி, நாமினி பெயர் மூன்றையும் வீட்டாரிடம் காட்டி வையுங்கள்.